கிரேக்கக் கல்லறை எழுத்துகளைப் படிப்பது எப்படி? எங்கே தடுக்கும்? – விவாத இழை

பளிங்குவாசி எழுதியது:

பண்டைய கிரேக்கம் ஓரளவு படிக்கத் தெரிந்தவர்கள்கூட முதல் கல்லறைக் கல்லின் முன் நின்றதும் திணறிப்போகிறார்கள். அச்சில் பார்த்துப் பழகிய கிரேக்கம் வேறு, கல்லில் இருப்பது வேறு. அந்தத் திணறல் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பேசத்தான் இந்த இழை.

ஏதென்ஸின் கெராமெய்கோஸ் இடுகாட்டில் கிடைத்த ஹெகேசோவின் கல்லிலிருந்து தொடங்கலாம். ஏறத்தாழ கி.மு. 410–400. அமர்ந்திருக்கும் பெண், எதிரே பணிப்பெண் நீட்டும் நகைப்பெட்டி. மேலே இரண்டே சொற்கள்: ஹெகேசோ ப்ரொக்ஸெனோ. புதிதாகப் படிப்பவர்கள் இரண்டாவதையும் ஒரு பெண்ணின் பெயர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது 'ப்ரொக்ஸெனோஸ்' என்ற ஆணின் பெயர், ஆறாம் வேற்றுமையில் நிற்கிறது. அச்சில் 'ப்ரொக்ஸெனூ' என்று முடிந்திருக்கும். அக்கால ஏதென்ஸில் அந்த 'ஊ' ஒலிக்கு ஓமிக்ரோன் ('ஒ' எழுத்து) ஒன்றை மட்டும் எழுதினார்கள். இந்த ஒரு வழக்கம் தெரிந்திருந்தால் பாதிப் பெயர்கள் தெளிந்துவிடும்.

கி.மு. 403/2-இல் (ஏதென்ஸின் ஓர் ஆண்டு நம் இரண்டு ஆண்டுகளில் விழுவதால் இப்படி எழுதுகிறோம்) ஏதென்ஸ் அரசு அயோனிய நெடுங்கணக்கை, அதாவது இன்று நாம் அச்சில் பார்க்கும் எழுத்துமுறையை, ஏற்றது. அதற்கு முந்தைய அத்திகா (ஏதென்ஸும் அதைச் சூழ்ந்த நாடும்) எழுத்தில் நினைவில் வைக்க வேண்டியவை: எப்சிலோன் ஒன்றே குறில் எ, நெடில் ஏ இரண்டுக்கும் வரும். ஓமிக்ரோனும் அப்படியே. ஏட்டா வடிவம் உயிரெழுத்து அல்ல, 'ஹ' ஒலி. க்ஸி, ப்ஸி தனி எழுத்துகளாக இல்லை, இரண்டிரண்டு எழுத்தாக எழுதுவார்கள். எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது காமாவும் (க) லாம்டாவும் (ல) தான். அத்திகாவின் காமா, பின்னாளைய லாம்டாவைப் போலக் கூரை வடிவில் இருக்கும். லாம்டாவோ அடியில் கொக்கி போட்ட ஒற்றைக்கோடு. இரண்டையும் மாற்றிப் படித்துவிட்டு அகராதியில் இல்லாத பெயர்களைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

ஆனால் 403/2 என்பது கத்தி வைத்து வெட்டிய எல்லை அல்ல. ஹெகேசோ கல்லிலேயே பாருங்கள், ஏட்டாவும் (நெடில் ஏ) ஓமேகாவும் (நெடில் ஓ) அயோனிய முறையில் வந்துவிட்டன, 'ஊ' மட்டும் பழைய வழக்கத்தில் நிற்கிறது. தனியார் கற்களில் புது எழுத்துகள் சட்டத்துக்கு முன்பே நுழைந்தன. பழைய வழக்கம் சட்டத்துக்குப் பிறகும் சில பத்தாண்டுகள் தொடர்ந்தது.

---

தேன்சிட்டு எழுதியது:

நல்ல தொடக்கம், ஐயா. ஒரு ஐயம். ஹெகேசோ அந்த ப்ரொக்ஸெனோஸின் மகளா, மனைவியா? கல்லில் உறவுச்சொல்லே இல்லையே.

---

ஓரடிக்கல் எழுதியது:

எழுத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்பதுதான் நேர்மையான பதில். பெண்ணின் பெயரோடு ஆறாம் வேற்றுமையில் ஓர் ஆண்பெயர் வந்தால் தந்தையாகவும் இருக்கலாம், கணவனாகவும் இருக்கலாம். 'துகாத்தேர்' என்றிருந்தால் மகள், 'குனே' என்றிருந்தால் மனைவி. இரண்டும் இல்லாதபோது அதே குடும்ப வளாகத்தின் மற்றக் கற்களைப் பார்க்க வேண்டும். ஹெகேசோ நின்ற வளாகத்தில் கொரோய்போஸ் என்பவரின் பெயர் உள்ள கல்லும் இருக்கிறது. அதனால்தான் ஹெகேசோவை அந்தக் குடும்பத்தின் மருமகளாகவும் ப்ரொக்ஸெனோஸை ஹெகேசோவின் தந்தையாகவும் பலர் கொள்கிறார்கள். கல்லை அதன் இடத்திலிருந்து பிரித்து அருங்காட்சியகச் சுவரில் மாட்டியபின் இந்த வாதம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. கல் கிடைத்த இடத்தின் குறிப்பை முதலில் படியுங்கள், எழுத்தைப் பிறகு படிக்கலாம்.

ஆண்களுக்கு வழக்கமான அமைப்பு மூன்று பகுதி: தன் பெயர், தந்தை பெயர், ஊர்ப்பிரிவு. கி.மு. 508/7-இல் க்ளெய்ஸ்தெனெஸ் வகுத்த 139 ஊர்ப்பிரிவுகளில் ஒன்று மூன்றாவது சொல்லாக வரும். அது இருந்தால் அவர் ஏதென்ஸ் குடிமகன். அதற்குப் பதில் 'மிலேத்தோஸ்காரர்', 'ஹெராக்லேயாக்காரர்' போல வேற்று நகரப் பெயர் நின்றால் அயலூரார். ரோமானியர் காலத்து ஏதென்ஸில் மிலேத்தோஸ்காரர் கற்கள் ஏராளம். வெறும் ஒற்றைப் பெயர் மட்டும் நின்றால் எதையும் முடிவு கட்டக்கூடாது. வளாகத்தின் பெரிய கல்லில் குடும்பத்தின் முழு விவரமும் இருந்து, சின்னக் கல்லில் பெயர் மட்டும் பொறித்திருக்கலாம்.

ஏதென்ஸை விட்டு வெளியே போனால் வாய்பாடே மாறும். போயோத்தியாவில் 'எபி' என்ற முன்னிடைச்சொல்லோடு நான்காம் வேற்றுமையில் பெயர் வருவது அந்த மண்ணின் அடையாளம். தெஸ்ஸாலியாவில் தந்தை பெயரை ஆறாம் வேற்றுமையில் எழுதாமல் பெயரடையாக்கி எழுதுவார்கள். கல்லின் கீழ்ப்பகுதியில் பாதாள ஹெர்மெஸ் என்ற தெய்வத்துக்குரியது என்ற குறிப்பும் அங்கே அடிக்கடி வரும். அதை இறந்தவரின் பெயர் என்று பதிவு செய்துவிடாதீர்கள்.

---

மருதநிலத்தான் எழுதியது:

ஒற்றைப் பெயரோடு 'க்ரேஸ்தோஸ்' அல்லது 'க்ரேஸ்தே' என்ற அடைமொழி (நல்லவர், பயனுள்ளவர்) வந்தால் அது அடிமையின் கல் என்று எளிதாகச் சொல்லிவிடலாம் அல்லவா? அத்திகாவுக்கு இது நம்பகமான விதி என்றே நினைக்கிறேன்.

---

ஓரடிக்கல் எழுதியது:

நண்பரே, அதை விதி என்று சொல்லத் தயங்குகிறேன். சாய்வு உண்டு என்பது உண்மை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் மெலித்தாவின் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிப்போஸ்த்ராத்தே என்ற பெண்ணை வளர்த்த செவிலித்தாய் அவர். பாடலில் 'க்ரேஸ்தே' என்றே அழைக்கப்படுகிறார். ஆனால் மேலே உரைநடை வரியில், இசொத்தெலேஸ் அப்பொல்லோதோரோஸின் மகள் என்று தெளிவாக இருக்கிறது. குடிமக்களுக்கு இணையான வரி நிலை பெற்ற அயலூராரின் மகள், அடிமை அல்ல. "உயிரோடிருந்தபோதும் உன்னை நேசித்தேன், செவிலித்தாயே, மண்ணுக்கடியில் இருக்கும் இப்போதும் உன்னைப் போற்றுகிறேன்" என்று வளர்ப்பு மகள் சொல்கிறாள்.

அத்திகாவுக்கு வெளியே இந்தச் சொல்லுக்குச் சமூகநிலைப் பொருளே கிடையாது. ஹெலனிய காலத்தில் (அலெக்சாந்தருக்குப் பிந்திய, ரோமானியருக்கு முந்திய காலம்) தீவுகளிலும் சிரியக் கரையிலும் 'க்ரேஸ்தே, காய்ரே' ('நல்லவரே, விடைபெறுக') என்பது எல்லாருக்கும் சொல்லும் விடைமொழி. சிதோன் பக்கம் அதனுடன் 'யாருக்கும் துயர் தராதவரே' என்ற பொருளில் 'அலூபே'யும் சேரும். ஊரும் காலமும் தெரியாமல் வாய்பாட்டை வைத்து ஆளின் நிலையை எழுதக்கூடாது.

---

எண்ணெழுத்து எழுதியது:

காலம் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். எழுத்தமைதியை வைத்துக் காலம் குறிப்பது எவ்வளவு தூரம் நம்பலாம்? மூன்று கோட்டு சிக்மா ('ஸ' எழுத்து) பழையது, நான்கு கோட்டு சிக்மா புதியது, நடுக்கோடு உடைந்த ஆல்ஃபா ஹெலனிய காலத்தின் பிற்பகுதி முதல், பிறைவடிவ சிக்மா ரோமானியர் காலம் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன்.

---

பளிங்குவாசி எழுதியது:

அந்தப் பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நூற்றாண்டுக்குக் கீழே இறங்காதீர்கள். மூன்று கோட்டு சிக்மா கி.மு. 446 வாக்கில் மறைந்துவிட்டது என்று பல பத்தாண்டுகள் ஒரு சட்டம் போலவே நம்பினார்கள். ஏதென்ஸ், சிசிலியின் எகெஸ்தா நகரோடு செய்துகொண்ட ஒப்பந்தக் கல்லில் அந்தச் சிக்மா இருப்பதால் அதைக் கி.மு. 450-களில் வைத்தார்கள். 1990-இல் லேசர் ஒளியும் படச் செயலாக்கமும் கொண்டு அதே கல்லைப் பார்த்தபோது, ஆண்டுத்தலைவர் (யார் பெயரால் அந்த ஆண்டைக் குறித்தார்களோ அந்த அதிகாரி) பெயர் அந்திஃபோன் என்று படிக்கப்பட்டது. அப்படியானால் ஆண்டு 418/7. பழைய சிக்மா ஏறக்குறைய முப்பது ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருக்கிறது. அது கல்லறைக் கல் அல்ல, அரசாணை. கல்லறைக் கற்களின் காலமும் அதே அளவுகோலால்தான் குறிக்கப்பட்டு வந்தது என்பதால் அடி இங்கேயும் விழுந்தது.

தேதி உறுதியாகத் தெரிந்த கற்கள் மிகக் குறைவு. தெக்ஸிலெயோஸின் கல் அதனால்தான் விலைமதிப்பற்றது. "லூசானியாஸ் மகன், தோரிகோஸ் ஊர்ப்பிரிவினர், தெய்சாந்த்ரோஸ் ஆண்டுத்தலைவராக இருந்தபோது பிறந்தார், எவ்பூலிதெஸ் ஆண்டில் கொரிந்தில் இறந்தார், ஐந்து குதிரைவீரர்களில் ஒருவர்." பிறப்பு 414/3, இறப்பு 394/3, வயது இருபது. அத்திகாவின் செவ்வியல் காலக் கல்லறைக் கற்களில் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் சேர்ந்து நிற்பது இதில் மட்டுமே. மற்றவை வயதைக்கூடப் பெரும்பாலும் சொல்வதில்லை. இந்தக் கல்லிலும் 'லூசானியோ', 'எவ்பூலிதோ' என்று அந்தப் பழைய ஓமிக்ரோன் வழக்கம்தான். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஒன்பது ஆண்டுக்குப் பிறகும்!

இன்னொரு நம்பகமான எல்லை சட்டத்தால் வருகிறது. ஃபலேரோனைச் சேர்ந்த தெமெத்ரியோஸ் கி.மு. 317 முதல் 307 வரை ஏதென்ஸை ஆண்டபோது கல்லறை ஆடம்பரத்தைத் தடைசெய்தார். மண்மேட்டின் மேல் மூன்று முழத்துக்கு மிகாத சிறு தூண், அல்லது மேசைவடிவக் கல், அல்லது தொட்டி, இவை மட்டுமே வைக்கலாம். இதைச் சொல்பவர் ரோமானிய எழுத்தாளர் சிசெரோ. மூன்று முழம் என்பது ஏறக்குறைய 1.3 மீட்டர். நமக்குக் கிடைக்கும் சிறு தூண்கள் பலவும் அதைவிடக் குட்டையானவை. உச்சிக்குச் சற்றுக் கீழே வளையம், வளையத்துக்கு அடியில் பெயர். புடைப்புச் சிற்பத்தோடு பெரிய அத்திகாக் கல் ஒன்று உங்கள் முன் இருந்தால் அது இந்தத் தடைக்கு முந்தியது என்று துணிந்து தொடங்கலாம். சிறு தூணுக்குப் பின்-எல்லை அவ்வளவு எளிதல்ல, ரோமானியர் காலம் வரை செய்துகொண்டே இருந்தார்கள்.

---

எண்ணெழுத்து எழுதியது:

சரி, வடிவப் பட்டியலைப் பின்னுக்குத் தள்ளிச் சட்டம், பெயர், கல்லின் வகை ஆகியவற்றை முன்னே வைக்கிறேன். ஆனால் எழுத்தே இல்லாத கற்களை என்ன செய்வது? பெயர் இல்லாமல் ஏன் கல் நட்டார்கள்?

---

செங்காவி எழுதியது:

பெயர் இல்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? வெட்டிய எழுத்து இல்லை என்றுதான் சொல்ல முடியும். வெட்டிய எழுத்துகளுக்கே சிவப்பு பூசுவது வழக்கம். வெட்டாமல் வண்ணத்தால் மட்டும் எழுதியதும் உண்டு. தெஸ்ஸாலியாவின் தெமெத்ரியாஸ் நகரின் வண்ணக் கற்கள் கோட்டைக் கோபுரங்களுக்குள் அடைப்புக்கல்லாகப் புதைந்து கிடந்ததால்தான் நிறம் பிழைத்தது. 1907-இல் அகழ்ந்தெடுத்தவை, இன்று வோலோஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வெயிலும் மழையும் தொட்ட கற்களில் அந்த வாய்ப்பு இல்லை.

ஆகவே 'வெற்றுக்கல்' என்று பதியும் முன் புற ஊதா ஒளியில் ஒருமுறை, சாய்வொளியில் ஒருமுறை பாருங்கள். நிறம் போன இடத்தில்கூட, நிறம் மூடிக் காத்த பரப்பும் வெளியே கிடந்து தேய்ந்த பரப்பும் ஒரே மாதிரி இருக்காது. கழுவுவது கடைசி வேலை. கம்பித் தூரிகை, அமிலம், எலுமிச்சை, எதுவும் கூடாது. எழுத்துப் பள்ளங்களில் சுண்ணக்கட்டி தேய்த்துப் படமெடுக்கும் பழக்கமும் வேண்டாம். அப்படி எடுத்த படத்தில் தெரிவது தேய்த்தவரின் முடிவு, வெட்டியவரின் எழுத்து அல்ல.

---

தேன்சிட்டு எழுதியது:

சாய்வொளிப் படம், தாள்படி (ஈரத்தாளைக் கல்லில் அழுத்தி எடுக்கும் படி) இரண்டையும் எப்படி எடுப்பது என்று யாராவது படிப்படியாக எழுத முடியுமா? நம் ஊர் மைப்படி முறை எனக்குத் தெரியும்.

---

செங்காவி எழுதியது:

சாய்வொளிக்குக் கைவிளக்கு போதும். கல்லின் பரப்போடு 10–15 பாகைக்குள் படுமாறு பிடியுங்கள். இடப்பக்கத்திலிருந்து ஒளி வந்தால் செங்குத்துக் கோடுகள் நிழல் கட்டித் தெரியும், கிடைக்கோடுகள் மறைந்துவிடும். மேலிருந்து வந்தால் நேர்மாறு. ஆக நான்கு பக்கமும் ஒளி மாற்றி, கேமராவை அசைக்காமல், குறைந்தது நான்கு படம் தேவை. ஒரே படத்தை வைத்துப் படிப்பவர்கள் எப்சிலோனைச் சிக்மா என்றும் ஏட்டாவை இரண்டு அயோட்டா என்றும் எழுதுவது இதனால்தான். கேமரா கல்லுக்கு நேரெதிரே இருக்கட்டும், அளவுகோலும் சட்டத்துக்குள் வரட்டும்.

தாள்படியில் மை கிடையாது, அதுதான் மைப்படியோடு பெரிய வேறுபாடு. பசை ஏற்றாத வடிதாள் வேண்டும். எழுதும் தாள் நனைந்தால் கிழியும், பள்ளத்துக்குள் இறங்காது. கல்லை மென்தூரிகையால் தூசி தட்டி, தண்ணீரால் நன்றாக நனைக்கவும். தாளை நனைத்து மேல் விளிம்பிலிருந்து கீழே படியவிடவும். எழுத்துப் பரப்பைவிட நாலு விரற்கடை கூடுதலாகத் தாள் இருக்க வேண்டும். பிறகு அடர்ந்த முடியுள்ள தட்டுத்தூரிகையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அடித்துக்கொண்டே போங்கள். காற்றுக்குமிழ் அகப்பட்டால் அந்த இடத்தில் எழுத்து விழாது. ஆழமான எழுத்துக்கு மேலே இன்னொரு ஈரத்தாள் சேர்த்து அடிக்கலாம். கல்லிலேயே முழுக்கக் காய விடுங்கள். ஈரத்தோடு உரித்தால் வடிவம் தளர்ந்து எழுத்து தட்டையாகிவிடும். காய்ந்தபின் ஓரத்தில் கல் கிடைத்த இடம், நாள், மேல்–கீழ் குறித்து, சுருட்டி வையுங்கள். மடிக்கவே கூடாது.

கல்லைத் தொட்ட பக்கத்தில் எழுத்து புடைத்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரியும். அந்தப் பக்கத்தைச் சாய்வொளியில் படிக்கப் பழகுங்கள். கல்லில் தவறிய மெல்லிய கோடுகள் அங்கேதான் பிடிபடும்.

வண்ணத்தின் சுவடு துளி இருந்தாலும், பரப்பு உதிர்ந்துகொண்டிருந்தாலும் தாள்படி எடுக்கக்கூடாது. அருங்காட்சியகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி எப்போதும் வேண்டும். அனுமதி இல்லை என்றால் பல திசை ஒளியில் எடுத்த படங்களைக் கணினியில் சேர்த்துப் பார்க்கும் முறைதான் வழி, கல்லைத் தொட வேண்டியதே இல்லை.

---

மருதநிலத்தான் எழுதியது:

மெலித்தா பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன், நன்றி. அடுத்து, சிதைந்த இடங்களை நிரப்புவது. பதிப்புகளில் சதுர அடைப்புக்குள் முழு வரியே எழுதியிருக்கிறார்கள். அதை எவ்வளவு நம்புவது?

---

ஓரடிக்கல் எழுதியது:

சதுர அடைப்புக்குள் இருப்பது கல்லில் இல்லை, பதிப்பாசிரியரின் கருத்து. இதை மறந்து அடைப்புக்குள் இருக்கும் சொல்லையே சான்றாகக் காட்டும் கட்டுரைகள் இன்றும் வருகின்றன. இன்றைய குறிமுறை 1931-இல் லெய்டனில் வகுக்கப்பட்டது: சதுரம் அழிந்ததை நிரப்ப, வளைவு சுருக்கத்தை விரிக்க, கூர் அடைப்பு வெட்டியவர் விட்டதையோ பிழையாக வெட்டியதையோ திருத்த, நெளிவு அவர் கூடுதலாக வெட்டியதை நீக்க, இரட்டைச் சதுரம் பழங்காலத்திலேயே வேண்டுமென்று செதுக்கி அழித்ததைக் காட்ட. எழுத்தின் அடியில் புள்ளி இருந்தால் அந்த எழுத்து முழுதாக இல்லை என்று பொருள். அதற்கு முந்திய பழைய தொகுதிகளில் இதே அடைப்புகள் வேறு பொருளில் வரும், முன்னுரையைப் பார்த்துவிட்டு நுழையுங்கள்.

நிரப்புவதற்கு நல்ல பிடி இரண்டு. ஒன்று, எழுத்துகளைக் கட்டம்போட்டது போல வரிசைக்கு வரிசை நேர்கீழாக வெட்டும் முறை. அப்படி வெட்டிய கல்லில் விடுபட்ட இடத்துக்கு எத்தனை எழுத்து என்று எண்ணிச் சொல்லலாம். ஆனால் அயோட்டா சில சமயம் பக்கத்து எழுத்தோடு ஒரே கட்டத்தைப் பகிரும், நிறுத்தக்குறி ஒரு கட்டத்தை விழுங்கும். கோணலான போட்டோவில் எண்ணினால் ஒரு கட்டம் கூடும் அல்லது குறையும்.

இரண்டாவது பிடி யாப்பு. பாட்டுக் கற்களில் பெரும்பாலானவை அறுசீரடியும் ஐஞ்சீரடியும் மாறிவரும் ஈரடிகள். பெயர் அந்தச் சீருக்குள் அடங்காவிட்டால் பாட்டுக்கு வெளியே தனியாக வெட்டிவிடுவார்கள். பாட்டுக்குள் பெயர் தேடிக் கிடைக்காமல் சிதைவுக்குள் திணிப்பது வேண்டாத வேலை.

அம்ஃபரேத்தேயின் கல்லைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. கி.மு. 430–420 வாக்கு, கெராமெய்கோஸ். அமர்ந்த பெண் மடியில் குழந்தை. சிற்பத்தை மட்டும் பார்த்தால் எவரும் தாய் என்றே எழுதுவர். பாட்டு சொல்கிறது: "என் மகளின் அன்புக் குழந்தையை ஏந்தியிருக்கிறேன். இருவரும் உயிரோடு கதிரொளியைக் கண்ட நாளில் மடியில் வைத்திருந்தேன், இன்று இறந்த இதை இறந்த நான் ஏந்தியிருக்கிறேன்." பாட்டி! அந்த எழுத்து உடைந்து போயிருந்தால் இந்தச் சிற்பத்தைத் தவறாகவே விளக்கிக்கொண்டிருப்போம்.

---

செங்காவி எழுதியது:

எழுத்துள்ள கல்லும் சிற்பமும் பிரிந்துபோவதற்கு ஃப்ராசிக்லேயா என்ற பெண்ணின் கல்லறைச் சிலைதான் சிறந்த எடுத்துக்காட்டு. பீடம் அத்திகாவின் மெரெந்தாவில் ஒரு தேவாலயத்தில் கட்டுமானக் கல்லாக இருந்தது, 18-ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தைப் படியெடுத்துவிட்டார்கள். "என்றும் கன்னி என்றே அழைக்கப்படுவேன், மணத்துக்குப் பதில் தெய்வங்களிடம் இந்தப் பெயரைப் பெற்றேன்." செய்தவர் பாரோஸ் தீவின் அரிஸ்தியோன். சிலை மண்ணுக்குள்ளிருந்து வந்ததோ 1972-இல். சிலையைப் பீடத்தில் இருத்திய ஈயம் பொருந்தியதால் இரண்டும் ஒன்று என்பது உறுதியானது. அனாவிஸோஸ் இளைஞன் சிலைக்கும் க்ரோய்சோஸ் பெயர் உள்ள பீடத்துக்கும் இப்படிப்பட்ட பௌதிகச் சான்று இல்லை. சிலை களவுபோய் பாரிசுக்குப் போய் மீண்டது. அந்தப் பொருத்தத்தில் ஐயம் எழுப்பியவர்கள் உண்டு, விளக்கப் பலகையில் அது தெரிவதில்லை.

---

எண்ணெழுத்து எழுதியது:

ஏதென்ஸிலேயே நின்றுவிட்டோம். சின்ன ஆசியாவின் (இன்றைய துருக்கி) நீண்ட கல்லறை எழுத்துகள் பற்றி? அங்கே அபராதம் எல்லாம் வருகிறதே.

---

பளிங்குவாசி எழுதியது:

அங்கே ரோமானியர் காலத்தில் கல்லறை எழுத்து பெரும்பாலும் சொத்துப் பத்திரம்தான். படிக்கும்போது ஐந்து கேள்வி வைத்துக்கொள்ளுங்கள்: கட்டியவர் யார், யார் யாரை அடக்கலாம், மீறினால் எவ்வளவு அபராதம், அது யாருக்குப் போகும் (ரோமானியக் கருவூலம், நகரம், மூத்தோர் அவை), நகல் ஆவணக்காப்பகத்தில் வைக்கப்பட்டதா. இந்த வரிசை தெரிந்தால் பாதி உடைந்த கல்லிலும் எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்று புரியும்.

இன்றைய பமுக்கலேயில் இருக்கும் ஹியராபோலிஸின் இடுகாடு இதற்கு நல்ல பள்ளி. வணிகர் ஃப்ளாவியோஸ் ஸெவ்க்ஸிஸ் கிரேக்கத்தின் தென்கோடியில் உள்ள மலேயா முனையைச் சுற்றி இத்தாலிக்கு 72 முறை கடற்பயணம் போனதைத் தன் கல்லறையில் பதித்திருக்கிறார். இன்னொருவர் கிளூக்கோன். ஊதாச் சாயக்காரர் சங்கத்துக்கு 200 தெனாரி (ரோமானிய நாணயம்), கம்பள நெசவாளர் சங்கத்துக்கு 150 தெனாரி வைத்துவிட்டுப் போகிறார். அந்தப் பணத்தின் வட்டியில் ஆண்டுதோறும் அவர் கல்லறைக்கு மாலை சூட்ட வேண்டும். முதல் சங்கம் புளிப்பில்லா அப்பத் திருநாளில், இரண்டாவது ரோமானியப் புத்தாண்டிலும் பெந்தெகொஸ்தே நாளிலும்.

---

தேன்சிட்டு எழுதியது:

அப்படியானால் கிளூக்கோன் யூதரா, கிறிஸ்தவரா? ஃப்ரிகியா (சின்ன ஆசியாவின் உள்நாட்டுப் பகுதி) கற்களில் "அவர் கடவுளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்" என்று வந்தால் கிறிஸ்தவர் என்று எடுத்துக்கொள்வது சரியா?

---

பளிங்குவாசி எழுதியது:

அந்த ஃப்ரிகிய வாய்பாடு எவ்மெனேயாப் பகுதியில் கிறிஸ்தவர்களிடம் மிகுதி. ஆனால் யூதர்களும் அதை ஆண்டிருக்கிறார்கள், எனவே அது ஒன்றே போதாது. மீன், சிலுவை, 'கொய்மேத்தேரியோன்' (துயிலிடம்) என்ற சொல், பெயர்கள், இவற்றில் இன்னொன்றாவது சேர வேண்டும். பதிவேட்டில் 'சமயம்' என்ற கட்டத்துக்கு எதிரே வாய்பாட்டை அப்படியே எழுதுங்கள், உங்கள் ஊகத்தைக் குறிப்பு என்ற கட்டத்தில் தனியே வையுங்கள்.

கிளூக்கோன் விஷயத்தில் என் சாய்வு யூதர் பக்கம், அல்லது யூத வழிபாட்டோடு நெருங்கியிருந்த ஒருவர். யூதத் திருநாள்களான புளிப்பில்லா அப்பமும் பெந்தெகொஸ்தேயும் இணைந்து வருவது அதற்குக் காரணம். ரோமானியப் புத்தாண்டு சேர்ந்திருப்பது இதைக் குலைக்கவில்லை, சங்க உறுப்பினர்கள் எல்லாரும் ஒரே நம்பிக்கையினராக இருந்திருக்க வேண்டியதில்லை. குடும்பத்துக்காகக் கல்லறை வாங்கியவர் எந்த நாள்களில் மாலை வர வேண்டும் என்று தேர்ந்தெடுத்தார் என்பதுதான் கல் தரும் செய்தி. அவர் மனைவியும் பிள்ளைகளும் உள்ளே இடம் பெறுகிறார்கள் என்பதையும் அதே கல் சொல்கிறது. அடுத்த பதிவில் அந்தக் கல்வெட்டை வரிவரியாகப் பிரித்து இடுகிறேன். சங்கங்களின் பெயர்கள் வரும் வரிகளில் சாய்வொளிப் படம் வைத்திருப்பவர்கள் இங்கே பகிருங்கள்.